காற்றாலைச் சலுகை நின்ற கதை

போன வாரம் சமூக அறிவியல் டீச்சர், "அரசாங்கம் கொடுக்கிற மானியத்தை நிறுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டாங்க. யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எங்க மாமா ஞாபகம்தான் வந்தது. அதனால் இந்தக் கட்டுரை.

மாமா ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை நிறுத்தும் வேலை பார்த்தார். பெரிய கிரேன் வைத்து இறக்கையை மேலே ஏற்றுவார்களாம். காற்று பலமாக அடித்தால் இறக்கையைத் தூக்க முடியாது, சும்மா உட்கார்ந்திருப்போம் என்பார். (காற்றாலைக்கே காற்று எதிரி!)

காற்றாலைக்கு மத்திய அரசு இரண்டு விதமாக உதவியது. முதலாவது தேய்மானச் சலுகை. நகைக்கடைச் சேதாரம் மாதிரி நினைக்காதீங்க, இது வருமான வரிக் கணக்கு. ஒரு கம்பெனி 5 கோடிக்கு காற்றாலை வாங்கினால், அதில் 80 சதவீதம், அதாவது 4 கோடியை, முதல் வருஷமே லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி 30 சதவீதம் என்றால் 1 கோடியே 20 லட்சம் அந்த வருஷம் கட்ட வேண்டாம். பின்னால் வரும் வருஷங்களில் கழிக்க அதிகம் மிச்சம் இருக்காது. ஆக, வரி தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். ஆனாலும் கையில் பணம் நிற்குமே! இதனால் சிலர் வரிக்காகவே காற்றாலை வைக்கிறார்கள், ஓடுதா இல்லையா என்று கவலைப்படுவதில்லை என்று குறை சொன்னார்கள். அதற்காக 2009 டிசம்பரில் இரண்டாவது உதவி வந்தது. உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா. இதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஓடினால்தானே காசு!

2012 மார்ச் 31-ஓடு இரண்டும் நின்றன. தேய்மானம் 80-லிருந்து 15 சதவீதம் ஆனது. 2011-12-ல் இந்தியாவில் சுமார் 3,200 மெகாவாட் புதிதாக வந்தது. அடுத்த வருஷம் சுமார் 1,700 மெகாவாட்தான். பிறகு 2013-ல் 50 பைசாவும், 2014-ல் 80 சதவீதமும் திரும்ப வந்தன.

2017 மார்ச்சில் 50 பைசா மறுபடியும் நின்றது. தேய்மானம் 40 சதவீதம் ஆனது. அதற்குள் முடிக்கணும் என்று எல்லோரும் அவசரப்பட்டதில் 2016-17-ல் சுமார் 5,500 மெகாவாட் நிறுத்தினார்கள். மாமா அந்தப் பொங்கலுக்குக்கூட ஊருக்கு வரவில்லை. அடுத்த வருஷம் 1,800 மெகாவாட்கூட வரவில்லை. மாமா பெட்டியோடு வந்துட்டார்.

மானியத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதே 2017 பிப்ரவரியில் முதல் தடவை காற்றாலை மின்சாரத்துக்கு ஏலம் விட்டார்கள். யூனிட் 3 ரூபாய் 46 பைசாவுக்கு வந்தது. டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 பைசா! இதைப் பார்த்த மின்வாரியங்கள் பழைய விலையில் வாங்கத் தயங்கின. மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு இது நல்லதுதான். ஆனால் 80-ஐ 70, 60 என்று வருஷா வருஷம் குறைத்திருந்தால், ஒரு வருஷம் தூக்கமில்லாத வேலை, மறுவருஷம் வேலையே இல்லை என்று ஆகியிருக்காது என்பது என் கருத்து.

மாமா இப்போ நம்ம ஊர் செராமிக் கம்பெனியில் சூளை அடுக்குகிறார். அடுக்குவது ஃபியூஸ் கேரியர், மெயின் போர்டில் இருக்குமே அந்த வெள்ளைப் பீங்கான். ஆரல்வாய்மொழியிலிருந்து எப்பவாவது போன் வரும். "போகட்டுமா?" என்று அத்தையைப் பார்ப்பார். அத்தை பதிலே சொல்லாமல் சாப்பாடு போடுவாங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி