துடுப்பும் திருப்புத்திறனும்

நியூட்டனின் மூன்றாம் விதிக்குத் துடுப்புப் படகை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். மாணவர்களும் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் "வலப்பக்கத் துடுப்பை மட்டும் வலித்தால் படகு எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

கல்விச் சுற்றுலாவின்போது கொடைக்கானல் ஏரியில் இதே வினாவைக் கேட்டேன். 1863-இல் உருவாக்கப்பட்ட நட்சத்திர வடிவ ஏரி அது. ஆற்றைப்போல் இழுக்கும் நீரோட்டம் இல்லை; முதன்முறை துடுப்பு பிடிப்பவர்களுக்கு ஏற்ற இடம். படகோட்டி அண்ணன் ஒரு மாணவியிடம் ஒற்றைத் துடுப்பைக் கொடுத்தார். நாலு வலிப்பில் படகு எதிர்ப்பக்கம் வளைந்து கரையைப் பார்த்து நின்றது. "மிஸ், தண்ணியைப் பின்னாடி தள்ளினா முன்னாடிதானே போகணும்?" என்றாள். நல்ல கேள்வி. முன்னே தள்ளும் எதிர்விசை நடுவில் இல்லை, ஓரத்தில் செயல்படுகிறது. அதனால் படகு நகர்வதோடு சுழலவும் செய்கிறது. திருப்புத்திறன் பாடத்தை அங்கேயே தொடங்கிவிட்டேன்.

உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிவித்து, கொக்கிகளை நாமே இழுத்துப் பார்க்க வேண்டும். படகில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. ஈர்ப்பு மையம் உயர்ந்தால் படகு எளிதில் கவிழும் என்ற காரணத்தையும் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள், வெறும் அதட்டலுக்கு அல்ல.

ஏரிக்குப் போக இயலாத பள்ளியில் மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதன் வலது ஓரத்தை ஒரு விரலால் முன்னே தள்ளச் சொல்லுங்கள், இடப்பக்கம் திரும்பும்.