பெட்டியில் உள்ள எண் என்ன சொல்கிறது?



பாமசியில் மாஸ்க் வாங்கினால் பெட்டியில் என்95, எஃப்எஃப்பி2 என்று போட்டிருக்கும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அம்மாவின் இருமலுக்கென்று காற்றைச் சுத்தமாக்கும் மெசின் கொண்டுவந்தால், அதில் 'ஹெப்பா' என்றிருக்கும். காசு கொடுத்து வாங்குகிற நாம் இந்த எண்களையும் தெரிந்திருக்க வேண்டாமா?

வடிதட்டில் தூள் நிற்கிற மாதிரிதான் வடிகட்டியும் என்று நாம் நினைப்போம். அது சரியில்லை. இது பின்னிப் பிணைந்த நூல்களால் ஆனது. பெரிய தூசி நேராகப் போய் நூலில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய தூசியோ காற்றில் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் நூலில் பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில், சுமார் 0.3 மைக்ரோன் அளவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும். தலைமயிரின் தடிப்பில் 200இல் ஒரு பங்குகூட இல்லாத அளவு அது. விறகுப் புகையில் இந்த மாதிரிச் சின்னத் துணிக்கைகள்தான் அதிகம்.

அந்தக் கள்ளனை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். 10,000 துணிக்கை வந்தால் என்95 விடுவது 500க்கு மேல் போகக்கூடாது. எஃப்எஃப்பி2 என்றால் 600. 99.97 சதவீதம் என்று எழுதிய ஹெப்பா என்றால் வெறும் 3.

ஆனால் இது வடிகட்டிக்குள்ளே போகும் காற்றுக்கு மட்டுமான கணக்கு. மாஸ்க்கின் ஓரம் கன்னத்தில் படியாவிட்டால் புகை அந்த வழியாலேயே வந்துவிடும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அடுப்பு ஊதுவதில் பெரிய பிரயோசனம் இல்லை. மெசினும் அப்படித்தான். மணித்தியாலத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்றும் பார்க்கவேண்டும். ஈர விறகு எரியும் குசினியில் அது சுத்தமாக்குவதைவிட வேகமாகப் புகை வந்துகொண்டே இருக்கும். அந்தக் காசில் முதலில் புகைக்கூட்டைத் திருத்துவதுதான் நல்லது என்பது எங்கள் எண்ணம். விறகைக் காயவைத்து எரிப்பதற்குச் செலவே இல்லை.

இன்னொன்று. இந்த எண்கள் எல்லாம் தூசிக்குத்தான், வாயுவுக்கு இல்லை. மருந்தடிக்கும் ஆட்களுக்கு மருந்தின் ஆவியை என்95 தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வேறு முகமூடி இருக்கிறது. குளிருக்குக் காம்பராவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரிச்சட்டி வைத்துப் படுக்கிறார்களே, அதில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஹெப்பா மெசின் ஓடினாலும் அது அப்படியே இருக்கும். ஆகவே படுக்கும் முன் கரிச்சட்டியை வெளியே இஸ்தோப்பில் வைத்துவிடுங்கள்.