மறுபுறம் என்று எழுதுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

கோவில்பதாகையிலிருந்து நீ அனுப்பிய மொழிபெயர்ப்பைப் படித்து முடித்தேன். ஆவடியின் தொழில் வளர்ச்சி பற்றிய ஆங்கிலக் கட்டுரையை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. உன் வீட்டைச் சுற்றி நடந்த கதை என்பதால் ஊர்ப்பெயர், தெருப்பெயர் எதிலும் தடுமாற்றம் இல்லை. ஆனால் பத்திக்குப் பத்தி 'மறுபுறம்' வந்து நிற்கிறது. மூலத்தில் 'ஆன் தி அதர் ஹேண்ட்' இருந்ததால் போட்டேன், தவறா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளனின் நடை தேறுவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்தச் சின்ன இணைப்புகளில்தான்.

அந்தத் தொடர் ஆங்கிலத்தில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார். ஒரு விஷயத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்றைச் சொல்லியாயிற்று, அதை மறுக்காமலே அடுத்ததற்கு வருகிறேன் என்பதுதான் அதன் பொருள். 'ஹேண்ட்' அங்கே பக்கத்தைக் குறிக்கிறது. வழி கேட்பவரிடம் 'வலது கைப் பக்கம் திரும்புங்க' என்று நாமும் சொல்கிறோம். ஏரிக்கு இந்தாண்ட, அந்தாண்ட என்று உங்கள் பக்கத்தில் பேசுவதும் இதே கணக்குதான்.

'ஆன் தி கான்ட்ரரி' வேறு. அது முன்னால் சொன்னதை மறுக்கும். 'ஆவடி வெறும் குடியிருப்பு அல்ல. மாறாக, டாங்கி செய்யும் ஊர்' என்றால் 'மாறாக' சரி. நீயோ, 'கனரக வாகனத் தொழிற்சாலைக்காகப் பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறினார்கள். மாறாக, வயல்கள் சுருங்கின' என்று எழுதியிருக்கிறாய். வயல் சுருங்கியது, ஆள் வந்ததை மறுக்கவில்லையே. இரண்டும் சேர்ந்தே நடந்தவை. இந்த இடத்தில் வாசகன் ஒரு நொடி குழம்புவான், ஏன் குழம்பினோம் என்று அவனுக்கே தெரியாது.

இன்னோர் இடத்தில், 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டதைச் சொல்லிவிட்டு, 'மறுபுறம், 1961இல் தொழிற்சாலை தொடங்கியது' என்கிறாய். இங்கே இரண்டு பக்கமே இல்லை. முன்னது முன்னால் நடந்தது, பின்னது பின்னால் நடந்தது. 'பிறகு' போதும், அதுகூட வேண்டாம், ஆண்டே சொல்லிவிடுகிறது. மூல ஆசிரியர் பழக்கத்தில் போட்ட சொல்லுக்கு நீ காவல் நிற்க வேண்டியதில்லை. துணிந்து வெட்டு.

தமிழுக்கு இந்த வேலைக்கான கருவிகள் ஏராளம் என்பதை நீ மறந்துவிடக் கூடாது. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தின் ஏழாவது இயல் முழுக்க இடைச்சொல்லுக்கே. அங்கே 'உம்'முக்கு எட்டுப் பொருள், 'ஓ'வுக்கு ஆறு பொருள் சொல்லப்பட்டிருக்கின்றன. 'ஓ'வுக்குச் சொன்னதில் பிரிநிலையும் ஒன்று. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் அந்த ஓகாரத்தைப் பழைய கிறிஸ்தவ மொழிபெயர்ப்பாளர்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715இல். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்ட 'மென்', 'தெ' என்று சின்னச் சொற்கள் உண்டு. அந்த வேலையைத் தமிழில் ஓகாரம் செய்கிறது: இன்றும் தேவாலயங்களில் வாசிக்கிற பழைய விவிலிய மொழிபெயர்ப்பில், ஆங்கிலம் 'பட்' போடும் பல இடங்களில் 'அவரோ', 'அவர்களோ' என்று ஓர் எழுத்தே அந்த வேலையை முடித்துவிடுகிறது. அந்த விவிலியத்தை நடைக்காகவும் ஒருமுறை படி.

'ஆனால்' என்பதே 'அப்படி ஆகுமானால்' என்ற நிபந்தனையிலிருந்து வந்தது. ஆனாலும், ஆயினும், எனினும், என்றாலும், இருந்தாலும் எல்லாம் வினையின் வாலில் 'உம்' ஒட்டிப் பிறந்தவை. ஆங்கிலம் வாக்கியத்தின் தலையில் கட்டுவதைத் தமிழ் பெரும்பாலும் முந்தின வாக்கியத்தின் வாலிலேயே முடிந்துவிடும். உன் வரியையே எடுத்துக்கொள். 'தொழிற்சாலை வளர வளர வயல் சுருங்கியது.' 'தொழிற்சாலையால் எத்தனையோ குடும்பம் பிழைத்தது, வயல்தான் போயிற்று.' 'பிழைப்பு வந்தும் வயல் நிலைக்கவில்லை.' மூன்றிலும் தனி இணைப்புச் சொல் கிடையாது. மூன்றும் ஒன்றல்ல என்பதையும் கவனி: முதலாவது காரணம் காட்டுகிறது, இரண்டாவதில் ஏக்கம் இருக்கிறது, மூன்றாவதில் ஏமாற்றம். மூலத்தின் தொனி எதுவோ அதைத் தேர்ந்தெடுப்பதுதான் உன் தொழில்.

'மறுபுறம்' என்பதை ஒதுக்கச் சொல்லவில்லை. 'ஒரு பக்கம் பார்த்தா வாடகை கம்மி, இன்னொரு பக்கம் பார்த்தா ஸ்டேஷன் தூரம்' என்று தெருவில் பேசுகிறார்களே, அது நம் சொந்த வழக்கு. அங்கே முதல் பக்கமும் சொல்லப்பட்டிருக்கிறது பார். எழுத்திலும் 'ஒருபுறம்' முன்னால் ஊன்றியிருந்தால், அல்லது இரண்டு நீண்ட பத்திகள் எதிரெதிராக நின்றால், 'மறுபுறம்' கம்பீரமாக வரும்.

கட்டுரையை இன்னொரு முறை திருத்து. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஆங்கிலப் பிரதியை மூடிவைத்துவிட்டு, வீட்டில் ஒருவருக்கு உரக்க வாசித்துக் காட்டு. அவர் 'என்னது?' என்று கேட்கிற இடங்களில் கோடு போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்