ஆயில் எஞ்சின் நின்று நின்று ஓடுகிறதா? டீசல் வரும் பாதையைக் கவனியுங்கள்

நிலக்கடலையில் விழுது இறங்கும்போதும், நெல்லில் கதிர் வெளிவரும்போதும் தண்ணீர் தட்டினால், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் இழந்த மகசூல் திரும்புவதில்லை. மின் இணைப்பு இல்லாத கிணறுகளில் இச்சமயத்தில் கைகொடுப்பது ஆயில் எஞ்சின்தான். அது படுத்துவிட்டால், மெக்கானிக் வந்து சேரும் வரை பயிர் காய வேண்டியதுதான். ஆனால் பல சமயங்களில் கோளாறு எஞ்சினுக்குள் இருப்பதில்லை. டீசல் வந்து சேரும் பாதையில்தான் இருக்கும். இதை உழவர்கள் தாங்களே கண்டறிந்து சரிசெய்துகொள்ளலாம்.

டீசல் செல்லும் வழி

5 குதிரைத்திறன் எஞ்சின்கள் பலவற்றில் டாங்கி உயரத்தில் இருக்கும். அதிலிருந்து டீசல் தானாகவே இறங்கி, குழாய்த்திருகு, பில்டர் வழியாக டீசல் பம்பை அடைகிறது. பம்பு அதை அழுத்தி, கனமான சிறு குழாய் வழியே நாசிலுக்கு அனுப்புகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் கிடைத்தால்தான் நாசில் திறந்து, டீசலைப் பனிபோலத் தூவும்.

பாதையில் காற்று புகுந்துவிட்டால், பம்பு தள்ளும் தள்ளலில் காற்றுதான் சுருங்குமே தவிர அழுத்தம் ஏறாது. நாசிலும் திறக்காது. இதையே ‘ஏர் லாக்’ என்கிறோம். டாங்கி வற்றும் வரை ஓட்டுவதும், தேய்ந்த வாஷரும், தளர்ந்த நட்டும் இதற்குக் காரணங்கள்.

கோளாறு எங்கே என்று கண்டறிதல்

எளியதிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. டாங்கியில் டீசல் இருக்கிறதா, திருகு திறந்திருக்கிறதா, நிறுத்தும் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. எஞ்சின் சிறிது நேரம் ஓடிப் பின் நின்றால் டாங்கி மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து ஓடினால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளது என்று பொருள். துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

3. எஞ்சினை நிறுத்திவிட்டு, பில்டருக்குள் வரும் குழாயைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் பிடியுங்கள். டீசல் தாராளமாக வராவிட்டால் டாங்கியின் அடியிலோ, திருகிலோ, குழாயிலோ வண்டல் அடைத்திருக்கிறது.

4. அங்கே நன்றாக வந்து, பில்டரைத் தாண்டிய பிறகு நூல்போல ஒழுகினால் பில்டர் அடைபட்டுள்ளது. காகித பில்டரைக் கழுவிப் பயன்படுத்தாமல் புதிதாக மாற்ற வேண்டும். துணி பில்டரைச் சுத்தமான டீசலில் அலசலாம்.

காற்றை வெளியேற்றும் முறை

பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகை ஓரிரு சுற்று தளர்த்துங்கள். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியின்றி டீசல் மட்டும் ஒழுகத் தொடங்கியதும், ஒழுகும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்து, பம்பிலுள்ள திருகிலும் இவ்வாறே செய்யுங்கள். கடைசியாக, நாசில் பக்கமுள்ள அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தி, டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றுங்கள். டீசல் விட்டுவிட்டுக் கொப்பளித்து வந்ததும் நட்டை இறுக்கிவிடுங்கள். மீண்டும் சுற்றும்போது நாசிலில் ‘கிர் கிர்’ என்று ஒலி கேட்டால் வேலை முடிந்தது.

எவ்வளவு சுற்றியும் அந்த நட்டில் டீசல் கொப்பளிக்காவிட்டால் பம்பில் கோளாறு. டீசல் நன்கு கொப்பளித்தும், நட்டை இறுக்கிய பின் நாசில் ஒலி கேட்காவிட்டால் நாசிலைச் சந்தேகிக்கலாம். இவ்விரண்டையும் வயலில் பிரிக்காதீர்கள். பம்பின் உள்பாகங்கள் தலைமுடியின் கனத்தைவிடக் குறைந்த இடைவெளியில் பொருந்தியவை. ஒரு தூசி பட்டாலும் கெட்டுவிடும். உரிய கருவிகள் உள்ள பட்டறைக்கே கொண்டு செல்ல வேண்டும்.

எச்சரிக்கை

நாசில் தூவுகிறதா என்று அதன் முன் கையை வைத்துப் பார்ப்பது பேராபத்து. அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும். ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்வேலைகளைச் செய்யும்போது பீடி, சிகரெட் அருகில் கூடாது.

வருமுன் காக்க

டாங்கி முழுவதும் காலியாகும் வரை ஓட்டாதீர்கள். அன்றாட வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பி வைத்தால், இரவுக் குளிரில் உள்ளே ஈரம் படிந்து டீசலில் நீர் கலப்பது குறையும். கேனில் வாங்கிய டீசலை அசையாமல் வைத்து, வண்டல் அடியில் தங்கிய பின், மேலாக எடுத்து வடிகட்டி ஊற்றுங்கள். டாங்கியின் வடிகால் திருகைத் திறந்து, அடியில் தேங்கிய நீரையும் வண்டலையும் அவ்வப்போது வெளியேற்றுங்கள்.

எங்காவது டீசல் சொட்டினால் அதன் கீழே ஒரு கிண்ணத்தை வைத்து, ஒரு நாள் சேர்வதை அளந்து பாருங்கள். ஒரு பருவத்துக்கு எவ்வளவு பணம் மண்ணில் போகிறது என்பது விளங்கும். ஒரு செம்பு வாஷரின் விலை அதன் பக்கத்தில் மிகச் சிறியது. எஞ்சின் அறையில் பொருத்தமான ஸ்பேனர்கள் இரண்டு, சில வாஷர்கள், ஒரு புதிய பில்டர் எப்போதும் இருக்கட்டும். தண்ணீர் அவசியமான நாளில் கடைக்கு ஓட வேண்டியிருக்காது.