ஒரு அலகில் ஒன்பதாயிரம் வாளி

பாசிக்குடாவில் மணற்கிணற்றுக் கப்பியில் 10 லீற்றர் தண்ணீரை 4 மீற்றர் உயரத்துக்கு இழுப்பவர் செய்யும் வேலை சுமார் 392 யூல். வாளியின் எடையைக் கணக்கில் விட்டுவிடுவோம். மின் பட்டியலில் வரும் 1 அலகு என்பது 1 கிலோவாற்று மணித்தியாலம், அதாவது 36 இலட்சம் யூல். ஒன்பதாயிரம் வாளிக்கும் மேல்!

வீட்டுக் கணக்கு இலகு. சாதனத்தில் பொறித்துள்ள வாற்றை, ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் அலகு. 2000 வாற்றுக் கேத்தல் 6 நிமிடத்தில் விழுங்குவது 0.2 அலகு, 75 வாற்று மின்விசிறி அதே அலகில் இரண்டரை மணித்தியாலத்துக்கும் மேல் சுழலும். இரண்டு பேரின் தேநீருக்குக் கேத்தலை முட்ட நிரப்புவது வீண்தான்.

தண்ணீர் மோட்டரில் சற்றுக் கவனம். 1 குதிரைவலு 746 வாற்று என்றாலும் அது மோட்டர் வெளியே தரும் வலு. உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிடக் கூட. தொட்டி வழியும்வரை ஓடவிடக் கூடாது.

இலங்கையில் வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கட்டண வீதம் மாறும். மாத நடுவில் ஒருமுறை மீற்றரைப் பார்த்து, அந்த மாதப் பாவனை 30 அலகைத் தாண்டியிருந்தால் துணி அழுத்துவதையும் மோட்டரையும் குறைக்கலாம்.