காவற் கண்களும் தனிமனித அந்தரங்கமும்

பெங்களூர் சிவாஜிநகர், கூட்டம் குறையாத வட்டாரம். 1927-ல் கட்டப்பட்ட ரஸ்ஸல் சந்தையும், தூய மரியன்னை பேராலயமும், பள்ளிவாசல்களும், தமிழும் உருதும் கன்னடமும் கலந்தொலிக்கும் கடைவீதிகளும் நாள்தோறும் பெருந்திரளான மக்களை ஈர்க்கின்றன. இதனை அடுத்த இன்பன்ட்ரி சாலையில் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் உள்ளது. அதற்கு அருகே, அலி அஸ்கர் சாலையில், 'பாதுகாப்பான நகரம்' திட்டத்தின் கட்டுப்பாட்டு மையம் 2023 மார்ச்சில் திறந்து வைக்கப்பட்டது. நிர்பயா நிதியின் உதவியுடன் நிறைவேற்றப்படும் இத்திட்டத்தில் 7,000-க்கும் மேற்பட்ட காமிராக்கள் இடம்பெறுகின்றன. முகங்களை இனங்காணும் மென்பொருளும் அடங்கும்.

இத்தகைய ஏற்பாடு வேண்டாததென ஒதுக்கிவிட இயலாது. 2024 மார்ச் 1 அன்று இந்நகரின் உணவகம் ஒன்றில் குண்டு வெடித்தபோது, காமிராப் பதிவுகள் புலனாய்வுக்குப் பெரிதும் உதவின; ஏப்ரலில் இருவர் மேற்கு வங்காளத்தில் கைது செய்யப்பட்டனர்.

தெரு பொதுவிடம். தொலைபேசி உரையாடலும் இணையவழி அனுப்பும் மடலும் அவ்வாறல்ல. அவற்றை அரசு இடைமறித்து அறியும் அதிகாரம் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் வேரூன்றியது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்னும் நிலை எழுந்தாலொழிய இவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்று அச்சட்டமே வரையறுத்தது. கணிப்பொறி வழிச் செய்திகளுக்கு 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு வகை செய்கிறது.

வரையறை ஏட்டில் இருந்தும் ஐயம் அகலவில்லை. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக் கேட்கப்பட்டன என்ற குற்றச்சாட்டை அடுத்து, 1988 ஆகஸ்டில் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். ஆள்வோரும் எதிர்ப்போரும் ஒருங்கே அஞ்சத்தக்க கருவி இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் சில நெறிமுறைகளை வகுத்தது. உள்துறைச் செயலாளர் நிலையிலுள்ளவரே ஆணை பிறப்பிக்க வேண்டும். அதனை ஒரு குழு மறுஆய்வு செய்ய வேண்டும். ஆயின், நீதிபதியின் முன் அனுமதி தேவை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்றைய சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுந்தது எனலாம்.

பெங்களூரில் வாழ்ந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, தமது எண்பத்தாறாம் வயதில், 2012-ல், ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். அவ்வழக்கின் விளைவாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அதில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டம் இருத்தல் வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருத்தல் வேண்டும், தலையீடு தேவையின் அளவை மீறலாகாது.

இவ்வுரைகல்லில் ஓர் ஆணையை உரைத்துப் பார்த்தது சென்னை உயர் நீதிமன்றம். லஞ்ச வழக்கொன்றில் 2011-ல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக் கேட்பு ஆணையை அது 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டறிய மறைவாக நடத்தப்படும் நடவடிக்கை, பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றது. திரட்டிய பதிவுகள் உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படாததையும் சுட்டிக் காட்டியது. ஆணைக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்! அதுவும், வழக்கு நடந்தமையால்தான் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடிந்தது. வழக்கே தொடரப்படாத மற்றவருக்குத் தாம் கண்காணிக்கப்பட்டது தெரியவே வராது.

2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் புதிய விதிகள் வெளியாயின. ஓர் ஆணை அறுபது நாட்கள் செல்லும். நீட்டித்தாலும் நூற்றெண்பது நாட்களைத் தாண்டலாகாது. மறுஆய்வுக் குழு இரு மாதத்திற்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும், மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் இக்குழுவுக்குத் தலைவர்கள். உறுப்பினர்களும் அரசுச் செயலாளர்களே. பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமைச்சர் ஒப்பமிட்ட ஆணையை நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஏற்க வேண்டும். அவசர நிலைக்கும் அங்கே விதி உண்டு. ஆகவே, நீதிபதி குறுக்கிட்டால் பாதுகாப்புப் பணி முடங்கும் என்ற வாதம் வலுவானதன்று.

முகங்காணும் காமிராக்களுக்கு இந்த அளவு விதிகள்கூட இல்லை. அவற்றிற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. 2023-ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பொருட்டு, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடந்தருகிறது. ரஸ்ஸல் சந்தையில் காய்கறி வாங்க வருபவரின் முகம் எத்தனை நாள் பதிவில் இருக்கலாம், எந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படலாம் என்பதை நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இன்னும் சட்டமாக வகுக்கவில்லை.