கவுண்ட் இறங்கிய நாட்களில்: மேற்கு மாம்பலத்து இளம் மருத்துவருக்கு ஒரு கடிதம்

மேற்கு மாம்பலத்தில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் இளம் மருத்துவருக்கு,

அடையாறு புற்றுநோய் மையத்திலோ வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீளும் அந்தச் சிகிச்சையின் பெரும்பகுதியை மருத்துவமனைக் கட்டிலில் அல்ல, வீட்டில்தான் கழிக்கிறது. ஒரு சுற்று மருந்து முடிந்து அடுத்த சுற்று தொடங்குவதற்குள், ஆரிய கவுடா சாலையை ஒட்டிய ஏதோ ஒரு தெருவில் அக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், பெற்றோர் முதலில் ஓடிவருவது தெருமுனைக் கிளினிக்குக்குத்தான். நோயைக் குணப்படுத்துவது பெரிய மருத்துவமனையின் பொறுப்பு என்றாலும், காய்ச்சலின் முதல் ஒரு மணி நேரம் தெருமுனை மருத்துவரின் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கொடுக்கும் மருந்தைக் காட்டிலும் கொடுக்காமல் விடும் மருந்தே பல வேளைகளில் உயிரைக் காக்கிறது என்பதை விளக்கவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மையமும், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும், டெல்லி அனைத்திந்திய மருத்துவக் கழகமும், அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்துடன் கைகோத்து 1984இல் வகுத்த எம்.சி.பி. 841 என்ற பொதுச் சிகிச்சைமுறை, குழந்தைகளின் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் பிழைப்போரின் விகிதத்தை வெகுவாக உயர்த்தியது. அடையாறில் அதை நடத்திச் சென்றவர் மருத்துவர் வி. சாந்தா. ஆனால் மருந்து வலுக்க வலுக்க எலும்பு மஜ்ஜை ஒடுங்கும் நாட்களும் கூடுகின்றன. புற்றணுக்களிடமிருந்து தப்பிய நோயாளியைக் கிருமி கொண்டுபோவது அதனால்தான்; அது இன்றும் நடக்கிறது.

எனவே இளம் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரோஃபில்களின் முழு எண்ணிக்கையை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் விழுங்கியழிக்கும் வெள்ளணு வகையே நியூட்ரோஃபில். குடும்பத்தார் 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆய்வக அறிக்கை இதைத் தனியே தராவிட்டால், மொத்த வெள்ளணுவை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கிக்கொள்ளலாம்: மொத்தம் 1,200, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் கிடைப்பது வெறும் 240. எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்து, 100க்குக் கீழே பேராபத்து. அந்நிலையில் ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது சாதாரணக் காய்ச்சல் அல்ல, ஒரு மணி நேரத்துக்குள் ரத்தநாளம் வழியே ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டிய அவசரநிலை. லேக் வியூ சாலையில் உள்ள பப்ளிக் ஹெல்த் சென்டரிலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள முடியும் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே கீமோ பெற்று வருபவரை அந்த முடிவுக்காகக் காக்கவைக்கக் கூடாது, எண்ணிக்கை குறைந்திருப்பதாகவே கொண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அப்படி அனுப்புவதற்குமுன் பாராசிட்டமாலைத் தொடர்ந்து கொடுத்து வெப்பத்தை மறைப்பதும், 'ஒரு ஊசி போடுங்க டாக்டர்' என்ற கெஞ்சலுக்கு இணங்கித் தட்டணு குறைந்தவரின் இடுப்புத் தசையில் ஊசி குத்தி ரத்தக்கட்டை உண்டாக்குவதும், மலக்குடலில் தெர்மாமீட்டரோ மாத்திரையோ வைத்து அங்குள்ள கிருமிகளை ரத்தத்துக்குள் விடுவதும் தவிர்க்க வேண்டியவை. மாம்பலம் என்றாலே கொசுவும் யானைக்காலும்தான் என்று சென்னை ஒருகாலத்தில் கேலி பேசிய பகுதி இது. இன்று அதே கொசுப்பழக்கம் ஐப்பசி, கார்த்திகைக் காய்ச்சல் ஒவ்வொன்றையும் டெங்கு என்று எண்ணவைக்கிறது. வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்த டெங்கு நோயாளியின் தோற்றம் இன்னும் கண்டறியப்படாத லுகேமியாவுக்கும் உண்டு என்பதால், ரத்தத் துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனைக்கு முன்பே டெக்ஸாமெத்தசோன் போட்டுவிட்டால், லிம்ஃபோபிளாஸ்டுகள் தற்காலிகமாகக் கரைந்து மறைய, நோய்நிர்ணயமே வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

பூஞ்சை இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. தக்க ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் நான்கைந்து நாள் காய்ச்சல் தணியாதபோதுதான் அதன்மேல் ஐயம் எழுகிறது. ஆனால் வித்து நுரையீரலுக்குள் புகுந்தது பல நாட்களுக்கு முன்பாக இருக்கலாம். அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் நுண்வித்துகள் மண்ணிலும் மட்கிய குப்பையிலும் பழஞ்சுவரிலும் எங்கும் உள்ளவை, நலமுள்ளவர் அவற்றைத் தினமும் சுவாசித்தும் ஒன்றும் ஆவதில்லை. கட்டடம் இடிக்கும்போது காற்றில் அவற்றின் அளவு கூடுகிறது என்பதும், மருத்துவமனைகளை ஒட்டிய இடிப்புவேலைகளோடு இந்தத் தொற்று வெடித்திருக்கிறது என்பதும் பலகாலமாகத் தெரிந்த செய்திகள். அயோத்தியா மண்டபத்தைச் சுற்றிய தெருக்களில் பழைய தனிவீடுகள் இடிபட்டு அடுக்ககங்கள் எழும் இந்தக் காலத்தில், பக்கத்து மனையில் கடப்பாரை இறங்குகிறதா என்று கேட்பது வீண்பேச்சு அன்று, நோய்வரலாற்றின் ஒரு பகுதி. இடிக்கும் நாட்களில் அந்தப் பக்கத்துச் சன்னல்களை மூடி, நோயாளியை முடிந்தால் உறவினர் வீட்டுக்கு மாற்றச் சொல்வதும், பூந்தொட்டி மண்ணைக் கிளறும் வேலையை வேறொருவரிடம் விடச் சொல்வதும் செலவில்லாத மருத்துவம்.

மியூகர்மைகோசிஸ் என்ற மற்றொரு பூஞ்சைத்தொற்றை 2021 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியபோது, 'கரும்பூஞ்சை' என்ற பெயர் வீட்டுப் பேச்சாயிற்று. ரத்தப் புற்றுநோய் வார்டுகளில் அது ஏற்கெனவே பழகிய எதிரி. நீரிழிவு மலிந்த இவ்வூரில், லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவுக்கும் மைலோமாவுக்கும் தரப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை மேலும் ஏற்றிவிட, நியூட்ரோஃபில் குறைவும் சர்க்கரை உயர்வும் ஒன்றுசேர்ந்து இந்தப் பூஞ்சைக்கு வழி திறக்கின்றன. கன்னத்தில் ஒருபக்க வலி, ஒரு கண்ணின்கீழ் வீக்கம், மூக்கடைப்போடு ரத்தங்கலந்த நீர், பல் ஆட்டம் ஆகியவை இருந்தால் டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பார்ப்பது கட்டாயம்; அங்கே கருநிறத் திட்டு தென்பட்டால் அது திசு செத்துப்போனதன் அடையாளம், அறுவைசிகிச்சை மருத்துவருக்கு அதே நாளில் செய்தி போக வேண்டும்.

அஸ்பெர்ஜில்லஸையும் மியூகரையும் பிரித்தறிவது மருந்துத் தேர்வையே மாற்றுகிறது. அஸ்பெர்ஜில்லஸின் சுவர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் கேலக்டோமேனன் பரிசோதனை மியூகர் வகைக்குப் பயன்படாது. அஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்தாக விளங்கும் வோரிகோனசோல் மியூகரைத் தொடுவதே இல்லை. இரண்டையும் எதிர்க்கவல்ல ஆம்ஃபோடெரிசின் பி, பழைய வடிவில் நடுக்கத்தையும் சிறுநீரகச் சேதத்தையும் உண்டாக்கி, பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்தனுப்பும். கொழுப்புறையில் பொதிந்த லிப்போசோமல் வடிவம் சிறுநீரகத்தை அவ்வளவு வருத்துவதில்லை, ஆனால் விலை அதிகம். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு தேவைப்படும். 2021இல் இம்மருந்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டில் இந்தக் கணக்கு குடும்பங்களை எப்படி அலைக்கழித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இம்மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும், சலைன் பட்டால் அது திரிந்துவிடும்.

தெருமுனை மருத்துவர் அறியாமலே பெருந்தீங்கு செய்யக்கூடிய இடம் வேறொன்று உண்டு. மாம்பலத்து வாசல்களில் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டீன், லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா சிகிச்சையின் அடித்தள மருந்துகளில் ஒன்று. அதைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை 'அசோல்' இனப் பூஞ்சைமருந்துகள் தடுக்கின்றன. வியர்க்கும் ஊரில் படர்தாமரை சாதாரணம், அதற்கு இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதுவதும் சாதாரணம். ஆனால் அதே வாரத்தில் வின்கிரிஸ்டீன் போட்டுக்கொண்ட குழந்தைக்கு அதை எழுதினால், உடலில் மருந்து தேங்கி நரம்புகளைத் தாக்க, கடும் மலச்சிக்கலும் குடல் அசைவற்றுப்போதலும் தாடைவலியும் இமைத்தொங்கலும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். வோரிகோனசோலும் போசகோனசோலும் இப்படியே. தோலுக்குப் பூசும் களிம்பு போதுமானதாயிருக்க வாய்வழி மருந்துக்குத் தாவுவது இங்கே பொறுக்க முடியாத அவசரம்.

வோரிகோனசோலோடு வீடு திரும்பியவரை இளம் மருத்துவர் மாதக்கணக்கில் பார்க்க நேரும். அம்மருந்து உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ உட்கொள்ளப்பட வேண்டியது. கண்ணில் ஒளித்தெறிப்பு தோன்றுவது பெரும்பாலும் தானே தணியும், ஆனால் வெயில் படும் தோல் எரிந்து சிவக்கும் என்பதால், சித்திரை வெயிலில் நங்கநல்லூர் வரை ஸ்கூட்டரில் போய் வருபவருக்கு முழுக்கைச் சட்டையும் குடையும் மருந்துச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். நியூட்ரோஃபில்கள் மீண்டும் ஏறும் வாரத்தில் நுரையீரலின் புண்பட்ட பகுதி இளகி இருமலில் ரத்தம் வருவதுண்டு. எண்ணிக்கை நன்றாகிவிட்டதே என்று அதை அலட்சியம் செய்யலாகாது.

நோயாளியைத் திருப்பி அனுப்பும்போது எழுதும் குறிப்பில், காய்ச்சல் தொடங்கிய நேரம், கடைசிக் கீமோவின் தேதி, இப்போதைய சர்க்கரை அளவு, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிச் சாப்பிட்டவை உட்பட எல்லா மருந்துகளின் பெயர், ரத்தநாளக் குழாய் எப்போது பொருத்தப்பட்டது என்பது, வீட்டருகே இடிப்புவேலை உண்டா இல்லையா என்பது ஆகியவற்றை எழுதி, கொடுக்கப்படாத மருந்துகளையும் 'கொடுக்கப்படவில்லை' என்று குறிப்பிட்டு, குறிப்பை நோயாளியின் கையிலும் அதன் படத்தை உடன்போகும் உறவினரின் செல்பேசியிலும் சேர்த்துவிட வேண்டும்.